பக்கத்து சீட்டின் கதவு

அத்தியாயம் 17

போன வாரம் அந்த மஞ்சள் காரைக் கொண்டுவந்து ஷெட்டின் நடுவில் நிறுத்திவிட்டுப் போனோம். அது இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அசைந்து கொடுக்காமல் நிற்க அந்த வண்டிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நடுவழியில் ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார் மாப்பிள்ளையுடையது. முப்பத்தைந்து வயதான, இரண்டே கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார். அதை அவர் 'தங்கம்' என்று கூப்பிடுவார். பெண்டாட்டியை 'ஏய்' என்று கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்டாட்டியை, அதாவது நம் சின்னவளை, பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்" என்று சாவியோடு இறங்கிப் போனவர், திரும்பி வந்தபோது அவள் சீட்டிலேயே மயங்கிச் சரிந்திருந்தாள். உச்சி வெயில். சாவி இல்லாமல் அந்தக் காரில் கண்ணாடி இறங்காது. நாற்பது நிமிஷம் என்கிறாள் சின்னவள். கதவு உள்ளேயிருந்து திறக்கவே இல்லை என்கிறாள். வேண்டுமென்றே பண்ணினார் என்கிறாள்.

"பழைய வண்டி மாமா, கைப்பிடி மக்கர் பண்ணியிருக்கும். நீங்களே திறந்து பாருங்க. எனக்கும் தெரியணும்" என்று மாப்பிள்ளை புதன்கிழமை தானே வண்டியை ஓட்டிவந்து மாமனாரின் மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார். சிரித்த முகமாகத்தான் போனார். அந்தச் சிரிப்புதான் சின்னவளின் அக்கா பெரியவளுக்கு உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

அப்பாவுக்குத் தெருவில் மேஸ்திரி என்று பெயர். வண்டிக்காரன் சொல்வதைக் கேட்டு ஸ்பேனரைத் தொடக்கூடாது, வண்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. பெற்ற மகளிடமும் அதே கட்சிதான்.

"கதவுக்குள்ள இருக்கிற கைப்பிடிக் கம்பி தானா கழண்டிருந்தா, நீ மாப்பிள்ளையோட கிளம்பிப் போ. யாராவது கழட்டியிருந்தா இங்கயே இரு. மத்ததை நான் பேசிக்கிறேன்."

ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு மனுஷர் போய்ப் படுத்துவிட்டார். அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். இருந்திருந்தால் இந்த அத்தியாயம் முழுக்க அவரே பேசியிருப்பார்.

*

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் காரிடம் வந்தாள். ஷெட்டில் பாதி வேலை அவள் கையில்தான் ஓடுகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கதவின் உள்கைப்பிடியை இழுத்தாள். கைப்பிடி கூடவே வந்தது. எந்தப் பிடிப்பும் இல்லை.

"பாருங்கப்பா."

மேஸ்திரியும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "கம்பி விட்டுப்போச்சு. கிளிப் உடைஞ்சிருக்கும். இந்த வயசு வண்டியில வர்றதுதான்."

"அதுக்குள்ள தீர்ப்பா?"

"தீர்ப்பு இல்லடி. வழக்கத்தைச் சொன்னேன்." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "டிரைவர் பக்கக் கதவு நல்லாத்தானே இருந்துச்சு. நகர்ந்து போய் அது வழியா இறங்கியிருக்கலாமே? அதைக் கேட்டா, தோணலைப்பாங்கிறா. அது எனக்கு உதைக்குது."

 அது பெரியவளுக்கும் உதைத்தது.

"கதவோட உள்பேனலைக் கழட்டினா நாலு கிளிப்பாவது உடைஞ்சு போகும். வாங்கிட்டு வந்துடறேன்" என்று மேஸ்திரி ஸ்கூட்டரை எடுத்தார். எடுத்தவர் திரும்பிப் பார்த்து, "நான் வந்தப்புறம் திறந்தா போதும்" என்றார்.

"ஏன்?"

"சொன்னா கேளேன்."

பதினைந்து வருஷத்தில் ஒரு வேலைக்கும் அப்பா அப்படிச் சொன்னதில்லை. 'நான் வர்றதுக்குள்ள முடிச்சு வை' என்றுதான் சொல்வார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை பெரியவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அப்பா பேச்சை அப்படியே கேட்பவளாக இருந்திருந்தால் அவள் மெக்கானிக்கே ஆகியிருக்க மாட்டாள்.

கைவைக்கும் திண்டுக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ. அவை சாதாரணமாக வந்தன. மூன்றாவது ஸ்க்ரூ கைப்பிடிக்குப் பின்னால், காசு அளவு மூடிக்குள் ஒளிந்திருக்கும். விஷயம் தெரியாதவர்கள் அதை விட்டுவிட்டுப் பேனலை இழுத்துப் பிளந்துவிடுவார்கள். பெரியவள் அந்த மூடியை நெம்பப் போனவள் நிறுத்தினாள்.

மூடியின் ஓரத்தில் ஒரு கீறல். புதுசு.

டார்ச்சைக் கொண்டுவந்து பார்த்தாள். ஏதோ தட்டையான, கூர் மழுங்கிய ஒன்றை வைத்து யாரோ நெம்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்க்ரூ பளபளவென்று சிரித்தது. தலையில் இருக்க வேண்டிய முப்பத்தைந்து வருஷ அழுக்கைக் காணோம்.

'மாட்டினீங்களா மாப்பிள்ளை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சந்தோஷமாகக்கூட இருந்தது. தங்கை வாழ்க்கை நாசமாகப் போனதற்குச் சாட்சி கிடைத்ததில் என்ன சந்தோஷம் என்று உடனே தன்மேலேயே கோபமும் வந்தது. ஆனாலும் கல்யாணத்தன்று மண்டபத்தை நீளம் அகலம் கண்ணால் அளந்துகொண்டிருந்த அந்த நில அளவைக்கார மாப்பிள்ளையை அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பிடிக்காதவர் மேல் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம்!

தட்டைக் கம்பியில் துணியைச் சுற்றிக்கொண்டு பேனலின் அடிப்பக்கமாக நுழைத்தாள். கீழேயிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். டப். டப். ஒவ்வொரு கிளிப்பாக விட்டுக்கொடுத்தது. பதினொரு ஓட்டைக்குப் பத்து கிளிப்தான். மேல்மூலையில் இருந்த ஒன்று முன்னாலேயே உடைந்து போயிருந்தது. கண்ணாடி ஓரத்தில் மாட்டியிருந்த பேனலை மெதுவாக மேலே தூக்கிக் கழற்றி, கண்ணாடி ஸ்விட்ச்சின் வயரைப் பிடுங்கிவிட்டு, பெஞ்சின் மேல் குப்புறப் படுக்க வைத்தாள்.

உள்ளே கதவின் இரும்பை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள். மழைத்தண்ணி பேனலை நனைக்காமல் இருக்கக் கறுப்புப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதன் கீழ்ப்பாதி பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. பசைமேல் வரிசையாகக் கட்டைவிரல் அழுத்திய தடம்.

தாளை விலக்கி டார்ச்சை உள்ளே அடித்தாள்.

கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பி இருந்தது. அதைப் பிடித்து வைக்கும் சின்ன கிளிப்பும் இருந்தது, முழுசாக. உடையவில்லை. விரலால் திருப்பித் திறந்து விட்டிருந்தார்கள். கழற்றிய கம்பியை ஓரமாகத் தள்ளி, வண்டி ஓடும்போது உள்ளே கடகடவென்று ஆடாமல் இருக்க, இரும்போடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தார்கள்.

அந்த டேப்பின் நுனியைப் பார்த்ததும் பெரியவள் டார்ச்சோடு இன்னும் கிட்டே குனிந்தாள். டேப்புக்கு வால் இருந்தது.

*

இந்த வீட்டில் டேப் ஒட்டுவதற்கு ஒரு முறை உண்டு. சுற்றி முடித்ததும் நுனியைக் கால் அங்குலம் மடித்து, ஒட்டாமல் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட வேண்டும். 'நாளைக்குப் பிரிக்கிறவன் நகத்தால சுரண்டிக்கிட்டு உக்காரணுமா?' என்பார் மேஸ்திரி. அதற்குப் பெயர் வால். வயருக்கும் வால், பார்சலுக்கும் வால், சின்ன வயதில் பள்ளிக்கூட நோட்டுக்குப் போட்ட அட்டைக்கும் வால். கல்யாணமான புதுசில் மாப்பிள்ளைகூட, 'உங்க வீட்டுல பொட்டலத்துக்கெல்லாம் வால் முளைக்குமா?' என்று கிண்டல் செய்திருக்கிறார்.

இப்படி மடிக்கிற ஆட்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். அதில் பெரியவளும் ஒருத்தி என்பதால் அவளுக்கு இரண்டு பேர் மிச்சம்.

முதலில் அப்பாவின் முகம்தான் வந்தது. 'நான் வந்தப்புறம் திறந்தா போதும்.' ராத்திரி ஷெட் சாவி அவரிடம்தான் இருந்தது.  ஆனால் மூடியில் இருந்த அந்தக் கீறல்? அப்பா கையில் உயிரே போனாலும் அப்படி ஒரு கீறல் விழாது. பசையில் இருந்த தடத்தின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். தடம் அவள் விரலைவிடச் சின்னதாக இருந்தது.

போனை எடுத்தாள். சின்னவள் இரண்டு தெரு தள்ளி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள்.

"உடனே வா."

"அக்கா, பேஷன்ட்லாம் உக்காந்திருக்காங்க..."

"பல்லு எங்கயும் ஓடிடாது. நீ வா."

*

சின்னவள் வந்தாள். கழற்றி வைத்த பேனலைப் பார்த்தாள், திறந்த கதவைப் பார்த்தாள், அக்காவைப் பார்க்கவில்லை.

"எதை வச்சுடி நெம்பினே?"

சின்னவள் கைப்பையைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"கேக்கிறேன்ல?"

"வெண்ணெய் தடவுற கத்தி."

"மேல ஒரு கிளிப் போயிருக்கு."

"மேல இருந்து இழுத்துட்டேன்க்கா."

"கீழ இருந்து இழுக்கணும்னு எத்தனை தடவை..." என்று ஆரம்பித்த பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். எதைப் பேச வந்து எதைப் பேசுகிறோம்! "கெடுக்கிற வேலைக்குக்கூட வால் விட்டிருக்கியேடி, லூசு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பெரியவள் தேற்றவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எப்போ பண்ணினே?"

"செவ்வாய்க்கிழமை. அவர் வேலைக்குப் போனப்புறம். அதை முடிச்சுட்டுத்தான் இங்க கிளம்பி வந்தேன்."

"அப்போ ஞாயித்துக்கிழமை கதவு நல்லாத்தான் இருந்துச்சு."

"இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னா?"

"நான் தொட்டே பார்க்கலைக்கா."

பெரியவளுக்குப் புரியவில்லை. சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழற்றிய கதவைப் பார்த்தே பேசினாள்.

"வழி தப்பா சொல்லிட்டேன். ஒரு திருப்பம் தாண்டிப் போயிட்டோம். ஒண்ணுமே பேசலை. வண்டியை ஓரமா நிறுத்தினார். 'அஞ்சு நிமிஷம். நான் வர்ற வரைக்கும் இறங்கக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனார். பூட்டக்கூட இல்லை."

"சொன்னா? அதுக்காக வெயில்ல உக்காந்து செத்துப் போவியா? கதவைத் திறந்துக்கிட்டு இறங்க வேண்டியதுதானே!"

"பாரு, நீயே இப்படிக் கேக்கிறே."

பெரியவள் அடங்கினாள்.

"போன தடவை ஒரு கடை வாசல்ல நிக்கச் சொன்னார். மழை வந்துச்சுன்னு உள்ள போயிட்டேன். பதினோரு நாள் பேசலைக்கா. நான் வைக்கிற சாப்பாட்டைத் தொடலை. நான் ஒரு ரூமுக்குள்ள போனா அவர் வெளிய போயிடுவார். பன்னெண்டாம் நாள் நான்தான் கால்ல விழுந்தேன். தினமும் என் ஸ்கூட்டர்ல எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பார்ப்பார். அப்பாகிட்ட சொன்னேன். அக்கறைம்மாங்கிறார்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். போன வருஷம் போன்ல. 'அடிச்சாரா'ன்னு கேட்டே. இல்லைன்னேன். 'அப்போ விடு, வேலையிருக்கு'ன்னு வச்சுட்டே."

பெரியவளுக்கு அந்தப் போன் நன்றாக ஞாபகம் இருந்தது. ஏதோ ஒரு கியர்பாக்ஸ் வேலை நடுவில் வந்தது. அந்த வேலை ஞாபகம் இருக்கிறது, தங்கையின் குரல் ஞாபகம் இல்லை. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கதவு திறந்திருந்தும் நான் உக்காந்திருந்தேன்னு சொன்னா யாரு நம்புவாங்க?" என்றாள் சின்னவள். "ஏதாவது ஒண்ணு ரிப்பேர்னு சொன்னாத்தானே இந்த வீட்டுல காது கொடுத்துக் கேக்கிறீங்க?"

 பெரியவளின் கண் டேப்புக்குப் போயிற்று. அதைப் பிரித்து எறிந்துவிட்டால் போதும். கிளிப் திறந்து கிடக்கிறது, மூடியில் கீறல் இருக்கிறது. யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்பது வரைக்கும் அப்பாவுக்குத் தெரிந்தால் போதும். மாப்பிள்ளை மேல் பழி தானாகப் போய் விழும். அது பொய். ஆனால் தங்கை பிழைப்பாள்.

"அதைப் பிரிச்சிடுக்கா" என்றாள் சின்னவள் மெதுவாக.

பெரியவள் கதவுக்குள் கையை விட்டாள். வால் விரலில் பட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

பின்சீட்டில் மாப்பிள்ளை.

*

"நான் வந்தப்புறம் திறன்னு சொன்னேன்ல?" என்றார் மேஸ்திரி. "அவரையும் வச்சுக்கிட்டுத் திறந்தாதானே நியாயம்? அதுக்குத்தான் ஆபீஸ்லேர்ந்து கையோட கூட்டிக்கிட்டு வர்றேன்."

அப்பாவைச் சந்தேகப்பட்டதற்காகப் பெரியவள் வெட்கப்பட அதுவா நேரம்? மாப்பிள்ளை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கதவிடம் வந்து குனிந்தார். போனை எடுத்தார். மூடியை ஒரு போட்டோ, பசையை ஒரு போட்டோ, கம்பியை ஒரு போட்டோ. எல்லையில் கல் நட வந்தவர் மாதிரி நிதானமாக எடுத்தார். டேப்புக்கு வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தார்.

"வால்!"

மேஸ்திரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது பெரியவளைப் பார்த்தார்.

"நான்தான் சுத்தினேன்" என்றாள் பெரியவள். "இப்போ, கழட்டும்போது."

"இப்போ சுத்தின டேப்ல இவ்வளவு தூசியா அக்கா?" என்றார் மாப்பிள்ளை, அக்கறையோடு. "விடுங்க. அவளைக் காப்பாத்த நினைக்கிறீங்க. தப்பில்லை."

மேஸ்திரி சின்னவள் பக்கம் திரும்பினார். அவள் தலை குனிந்திருந்தது. சுற்றியது யார் என்று அவருக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஏம்மா?" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஏம்மா இப்படி?"

"நான் சொல்றேன் மாமா." மாப்பிள்ளை சின்னவளை முந்திக்கொண்டார். அவருக்கு இது கொண்டாட்டம். "கதவு அன்னிக்கு நல்லா இருந்துச்சு. நான் பூட்டவே இல்லை. இவ நினைச்சிருந்தா எப்ப வேணும்னாலும் இறங்கியிருக்கலாம். இறங்கலை. உக்காந்துக்கிட்டே இருந்துட்டு, என் மேல பழியைப் போட்டு, அதுக்கு என் தங்கத்தையே கெடுத்து வச்சிருக்கா. என்னன்னு சொல்றது? நான் பெருசு பண்ண மாட்டேன். வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசிக்கிறேன்."

மேஸ்திரி தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? கண்ணெதிரே சாட்சி இருக்கிறது, அதுவும் அவர் சொல்லிக்கொடுத்த வேலைப்பாட்டோடு. சின்னவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளை அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு அளவு தப்பாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"அதுலயும் நாற்பது நிமிஷமாம்! இருபத்தாறு மாமா. கரெக்டா இருபத்தாறு நிமிஷம்."

மேஸ்திரியின் தலை ஆடுவது நின்றது.

"எப்படிச் சொல்றீங்க?"

"பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். எதிர்ல மருந்துக்கடை வாசல்ல நின்னு. இறங்குறாளா இல்லையான்னு."

ஸ்கூட்டரின் சூடான இன்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வெயில்லயா நின்னீங்க?"

"இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. "நிழல்லதான்."

இன்னும் தாம்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு நினைப்பு. மேஸ்திரி பெஞ்சிலிருந்த பேனலை எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார்.

"வண்டி இன்னிக்கு ஆகாது, மாப்பிள்ளை."

"பரவாயில்லை. பஸ்ல போயிக்கிறோம். ஏய், கிளம்பு."

மேஸ்திரி வாயைத் திறந்தார். பெரியவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். இந்தப் பதிலை அப்பா சொல்லக் கூடாது, தானும் சொல்லக் கூடாது. மூன்று பேரும் சின்னவளையே பார்த்தார்கள். அவள் கைப்பையின் வாரைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"நான் வரலை."

"என்ன?"

"வரலைன்னு சொன்னேன்."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். மாப்பிள்ளை கோபப்படவில்லை. கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு பத்து" என்றார். "எவ்வளவு நேரம்னு பார்க்கலாம்."

ஷெட்டை விட்டு இறங்கினார். இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தார். எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த கடையின் நிழலில் போய், ஷெட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.